பச்சையம் இல்லாத செடிகள் பசியாறுவது எப்படி?

நெகிரி செம்பிலான் மாநிலத்தில், சிரம்பானிலிருந்து கோலப்பிலாவுக்குச் செல்லும் சாலையில் உலு பெண்டுல் என்னும் இடம் உள்ளது. அதனை அடுத்து ஏறத்தாழ 825 மீட்டர் உயரத்திற்கு எழுந்து நிற்பது அங்சி மலை. சுங்கை காடுட் வட்டாரத்திலிருந்து விடுமுறை நாள்களில் மலையேறச் செல்லும் இளைஞர்கள் இம்மலையை நன்கு அறிவர். ஆயினும், அவர்கள் நடந்து செல்லும் காட்டில், சருகுகளுக்கு இடையே, இரண்டு சென்டிமீட்டர் அளவே உள்ள ஒரு செடி வாழ்ந்து வருவதை அறிந்தவர் மிகச் சிலரே. 2024ஆம் ஆண்டு வரை அச்செடிக்கு அறிவியல் உலகில் பெயரும் இல்லை.

அச்செடிக்கு இலை இல்லை. உடலில் எங்கும் பச்சை நிறம் இல்லை. வெயில் புகாத காட்டின் அடித்தளத்திலே, மட்கிய மண்ணிலிருந்து பூ மட்டும் தலைகாட்டும். பின்னர் அதுவும் மறைந்துவிடும். பச்சை இலை இல்லாத செடி எவ்வாறு உணவு பெறுகிறது? இக்கேள்விக்கு விடை தேடிச் செல்வோமானால், நாம் நாள்தோறும் வெட்டும் பால்மரத்தின் வேரடிக்கே வந்து சேருவோம். ஆகவே, இம்மாதப் பாடத்தில் இதனைப் படிப்படியாகக் காண்போம்.

பச்சையத்தின் பணி

செடிகொடிகளின் இலைகளுக்குப் பச்சை நிறம் தரும் பொருளைப் பச்சையம் என்கிறோம். அது வெறும் நிறம் அன்று. கதிரவனின் ஒளியைப் பிடித்து, அதன் ஆற்றலைக் கொண்டு, காற்றிலுள்ள கரியமில வாயுவையும் வேர் உறிஞ்சிய நீரையும் சேர்த்துச் சர்க்கரையாக மாற்றுவது அதன் பணி. இதனை ஒளிச்சேர்க்கை என்பர். சுருங்கச் சொன்னால், இலையே மரத்தின் அடுக்களை. பச்சையமே அதன் அடுப்பு.

பால்மரம் வெட்டும் அன்பர்களுக்கு இதனை மெய்ப்பிக்க வேறு சான்று வேண்டியதில்லை. இலையில் உண்டாகும் சர்க்கரை பட்டையின் வழியே கீழிறங்குகிறது. பட்டையிலுள்ள பால்குழாய்கள் அச்சர்க்கரையைக் கொண்டே பாலை உருவாக்குகின்றன. மங்கில் சொட்டும் பால், இலை சமைத்த உணவின் மறுவடிவமே ஆகும். இலையுதிர் காலத்திலும், அதனை அடுத்துப் புதுத்தளிர் விடும் நாள்களிலும் பால் குறைந்து போவதை நாம் ஆண்டுதோறும் காண்கிறோம். அடுப்பு அணைந்திருக்கும் வேளையில் மரம் தன் சேமிப்பைத் தளிருக்கே செலவிட வேண்டியுள்ளது.

அவ்வாறாயின், ஆண்டு முழுவதும் இலையே இல்லாத ஒரு செடியின் நிலை என்ன? தன் வீட்டில் அடுப்பு இல்லாதவர் பிறர் அடுப்பை நாடித்தான் ஆக வேண்டும். அச்செடி எவருடைய அடுப்பை நாடுகிறது, எவ்வழியாக நாடுகிறது என்பதே இப்பாடத்தின் மையம்.

நேர்வழியில் பறிப்பவை

பிறர் உணவை நம்பி வாழும் செடிகளுள் நமக்கு நன்கு அறிமுகமானது புல்லுருவி. கொய்யா மரத்திலும் பால்மரக் கிளையிலும் இது பற்றி வளர்வதைக் கண்டிருப்போம். புல்லுருவிக்குப் பச்சை இலைகள் உண்டு. அது தன் சர்க்கரையைப் பெரும்பாலும் தானே சமைத்துக்கொள்ளும். தண்ணீரையும் உப்புச் சத்துகளையும் மட்டும் மரத்திலிருந்து உறிஞ்சும். ஆதலின், அதனை அரைகுறை ஒட்டுண்ணி என்று கூறலாம்.

அதனினும் ஒரு படி மேலே சென்றது, நம் நாட்டுக் காடுகளில் பூக்கும் ரஃப்லேசியா. இதற்கு இலையும் இல்லை, தண்டும் இல்லை, பச்சையமும் இல்லை. காட்டுக் கொடி ஒன்றின் உடலுக்குள் நூல் போலப் பரவி, அக்கொடியின் சாற்றையே உண்டு வாழ்கிறது. பூக்கும் காலத்தில் மட்டும் வெளியே வருகிறது. இதன் இனங்களுள் ஒன்று ஏறத்தாழ ஒரு மீட்டர் அகலத்திற்குப் பூப்பதால், உலகிலேயே பெரிய தனிப்பூ என்னும் புகழைப் பெற்றுள்ளது.

இவ்விரண்டும் பிற செடியை நேரே பற்றிக்கொண்டு உண்பவை. அங்சி மலைச் செடியோ எந்த மரத்தையும் தொடுவதில்லை. அதன் வேரைத் தோண்டிப் பார்த்தால் அது வேறொரு செடியின் வேரோடு இணைந்திருக்கவில்லை. ஆகவே, இடையில் ஒரு தூதுவர் இருக்க வேண்டும். அத்தூதுவரே பூசணம்.

பூசணம் என்பது யாது?

ஈர ரொட்டியில் படர்வதும், மழைக்காலத்தில் தோல் செருப்பில் பூப்பதும் பூசணமே. மழை பெய்து ஓய்ந்த காலையில் நிரைகளுக்கு இடையே முளைக்கும் புற்றுக்காளானும் அவ்வினத்தைச் சேர்ந்ததே. ஆனால், நாம் பறித்துக் குழம்பு வைக்கும் காளான், பூசணத்தின் முழு உடல் அன்று. மாமரத்துக்கு மாங்காய் எப்படியோ, பூசணத்துக்குக் காளான் அப்படி. அதன் உண்மையான உடல், மண்ணுக்குள்ளும் மட்கிய மரத்துக்குள்ளும் பரந்து கிடக்கும் மெல்லிய இழைகளின் கூட்டமாகும். ஒவ்வோர் இழையும் மனிதரின் தலைமயிரைவிடப் பன்மடங்கு மெல்லியது.

பூசணம் செடியினத்தைச் சேர்ந்தது அன்று. விலங்கினத்தைச் சேர்ந்ததும் அன்று. அதற்கும் பச்சையம் இல்லை. ஆகவே, அதுவும் தன் உணவைத் தானே சமைக்க இயலாது. சில பூசணங்கள் இறந்த மரத்தையும் சருகையும் மட்கச் செய்து உண்கின்றன. சில உயிருள்ள மரங்களைத் தாக்கி நோய் விளைவிக்கின்றன. வேறு சில, உயிருள்ள மரங்களோடு பண்டமாற்று செய்து வாழ்கின்றன. இம்மூன்றாம் வகையே நம் பாடத்திற்கு உரியது.

வேரும் பூசணமும் செய்யும் பண்டமாற்று

மரத்தின் சிறு வேர்களில் பூசணத்தின் இழைகள் குடியேறுகின்றன. மண்ணுக்குள் நெடுந்தொலைவு பரவியுள்ள இவ்விழைகள், வேரின் நுண்மயிர்கள் எட்ட முடியாத இடங்களிலிருந்தும் சத்துகளைச் சேர்த்து வருகின்றன. அவற்றுள் முதன்மையானது மணிச்சத்து எனப்படும் பாஸ்பேட். நம் நாட்டின் செம்மண்ணில் இரும்பும் அலுமினியமும் மிகுதி. அவை மணிச்சத்தை இறுகப் பற்றிக்கொள்கின்றன. நம் தோட்டங்களில் கிறிஸ்மஸ் தீவிலிருந்து வந்த பாறைப் பாஸ்பேட் உரத்தை நெடுங்காலம் இட்டு வந்ததன் காரணமும் மண்ணின் இக்குறையே. வேர் தனியே சென்று தேட முடியாத இச்சத்தைப் பூசண இழைகள் கொண்டுவந்து கொடுக்கின்றன. அதற்கு விலையாக மரம் தன் சர்க்கரையைத் தருகிறது. சில செடிகள் தாம் உண்டாக்கும் சர்க்கரையில் நூற்றுக்கு 20 பங்கு வரை இவ்வாறு கொடுத்துவிடுகின்றன.

இந்தக் கூட்டுக்குப் பெயர் சூட்டியவர் ஃபிராங்க் என்னும் ஜெர்மானிய அறிஞர். நிலத்தடியில் விளையும் விலையுயர்ந்த உணவுக் காளான் ஒன்றைப் பயிரிட இயலுமா என்று ஆராயும் பணியைப் பிரஷ்ய அரசு அவரிடம் ஒப்படைத்தது. அவ்வாராய்ச்சியில் மரவேரும் பூசணமும் பிரிக்க இயலாதபடி ஒன்றியிருப்பதை அவர் கண்டார். 1885ஆம் ஆண்டில் அதற்கு அவர் சூட்டிய பெயரின் பொருள், பூசணவேர் என்பதாகும்.

பூசணவேர்கள் பல வகைப்படும். அவற்றுள் இரண்டினை மட்டும் இங்கே நினைவிற்கொள்வோம். மெராந்தி போன்ற பெருங்காட்டு மரங்களில், பூசணம் வேரின் நுனியைச் சுற்றி உறை போலப் படர்கிறது. பால்மரம், செம்பனை, வாழை முதலியவற்றில் அது வேரின் உயிரணுக்களுக்கு உள்ளேயே புகுந்து, சின்னஞ்சிறு மரம் போலக் கிளைவிட்டுப் பரவுகிறது. அக்கிளைகளே பண்டம் மாறும் சந்தையாக அமைகின்றன. பால்மர வேரில் இத்தகைய பூசணம் இருப்பதை விளக்கும் ஆய்வுரை ஒன்றை வேஸ்டி என்பவர் 1965ஆம் ஆண்டில் வெளியிட்டார்.

உலகிலுள்ள நிலச்செடி இனங்களுள் பத்தில் எட்டுப் பங்குக்கும் மேலானவை ஏதேனும் ஒரு வகைப் பூசணவேர் உடையவை. ஸ்காட்லாந்தில் ரைனி என்னும் ஊரில் கிடைத்த, ஏறத்தாழ 40 கோடி ஆண்டுப் பழமையுடைய கல்லாகிப்போன செடிகளிலும் இந்தக் கூட்டின் அடையாளம் காணப்படுகிறது. செடிகள் நிலத்தில் முதன்முதலாகக் காலூன்றிய காலம் முதலே பூசணமும் உடன் வந்துள்ளது.

கணக்கு மாறும் இடம்

இப்போது அங்சி மலைச் செடிக்குத் திரும்புவோம். ஒரு பூசணம் ஒரே மரத்தோடு மட்டும் உறவாடுவதில்லை. அதன் இழைகள் ஒரே வேளையில் பல மரங்களின் வேர்களில் புகுந்திருக்கலாம். அவ்வாறு பரவியுள்ள இழை ஒன்று, பச்சையம் இல்லாத சிறுசெடியின் வேருக்குள்ளும் நுழைகிறது. அங்கேதான் கணக்கு தலைகீழாகிறது.

தோட்டத்துக் கடையை எண்ணிப் பாருங்கள். மரம் சர்க்கரை என்னும் பணத்தைக் கொடுத்துச் சரக்கை வாங்குகிறது. பூசணம் சரக்கைக் கொடுத்துப் பணத்தைப் பெறுகிறது. இருவர் கணக்கும் நேராகிறது. பச்சையம் இல்லாத செடியோ கையில் ஒரு காசும் இன்றி அதே கடைக்கு வருகிறது. சரக்கைப் பெறுவதோடு நில்லாமல், கடையின் பணப்பெட்டியிலிருந்து பணத்தையும் பெற்றுச் செல்கிறது. அதன் வேரின் உயிரணுக்களுக்குள் பூசண இழைகள் சுருள் சுருளாகக் கிடக்கின்றன. செடி அவற்றைச் சிறிது சிறிதாகச் செரித்து, அவற்றிலுள்ள சர்க்கரைச் சத்தையும் பிற சத்துகளையும் தன்னுடையதாக்கிக்கொள்கிறது.

அச்சர்க்கரையின் தொடக்கம் எங்கே? தொலைவில் நிற்கும் பெருமரத்தின் இலையில். அம்மரம் வெயிலில் சமைத்தது பட்டை வழியே வேருக்கு இறங்கி, வேரிலிருந்து பூசண இழைக்குச் சென்று, இழையிலிருந்து இருட்டில் வாழும் சிறுசெடிக்கு வந்து சேருகிறது. ஆகவே, இச்செடியைப் பூசணவழி உண்ணும் செடி என்பது பொருந்தும். முழுக்க முழுக்க இவ்வாறு வாழும் செடியினங்கள் உலகில் சுமார் 500 உள்ளன. அவற்றுள் பல ஆர்கிட் இனத்தைச் சேர்ந்தவை.

இதனைக் கூட்டுறவு என்று அழைப்பதா, சுரண்டல் என்று அழைப்பதா என்னும் ஐயம் நம் வாசகர்க்கு எழக்கூடும். பெருமரத்துக்கும் பூசணத்துக்கும் இடையே நிகழ்வது கூட்டுறவு. சிறுசெடியோ பூசணத்துக்கு ஈடாக எதையும் தருவதாக இதுவரை காணப்படவில்லை. எனினும், அது எடுப்பது மிகச் சிறிய அளவே. இரண்டு சென்டிமீட்டர் உயரமுள்ள ஒரு செடியின் பசிக்காக முப்பது மீட்டர் மரம் வாடிப் போவதில்லை. காடு செழிப்பாக இருக்கும் வரை இந்தச் சிறு செலவு எவர் கணக்கிலும் தெரிவதில்லை.

பாடநூல் திருந்திய கதை

பச்சையம் இல்லாத இச்செடிகளைப் பழைய பாடநூல்கள் சாறுண்ணிகள் என்று குறித்தன. மட்கிய சருகின் சத்தை இவை நேரே உறிஞ்சுவதாக அந்நூல்கள் கூறின. நம்முள் பலரும் பள்ளியில் அவ்வாறே படித்திருப்போம். இன்று அது ஏற்கப்படுவதில்லை. சருகை மட்கச் செய்து உண்ணும் ஆற்றல் பூசணத்துக்கு உண்டு, செடிக்கு இல்லை. இம்மாற்றம் ஒரே நாளில் வந்ததன்று.

1881ஆம் ஆண்டில் கமியென்ஸ்கி என்னும் போலந்து நாட்டு அறிஞர், ஐரோப்பியக் காடுகளில் வளரும் மோனோட்ரோபா என்னும் வெளிறிய செடியின் வேரை ஆராய்ந்தார். அவ்வேர் முழுவதையும் பூசணம் போர்த்தியிருப்பதையும், வேர் எங்கும் மண்ணை நேரே தொடாமல் இருப்பதையும் அவர் எடுத்துக் காட்டினார். மண்ணைத் தொடாத வேர் மண்ணிலிருந்து நேரே உண்ண இயலாது அன்றோ?

1899ஆம் ஆண்டில் பிரெஞ்சு அறிஞர் நோயல் பெர்னார்ட் மற்றோர் உண்மையைக் கண்டார். ஆர்கிட் விதைகள் தூசியைப் போன்றவை. நெல்லிலோ பயற்றிலோ இருப்பது போன்ற உணவுச் சேமிப்பு அவற்றில் இல்லை. பூசணம் உள்ளே புகுந்து உணவளித்தால்தான் அவ்விதை முளைத்து வளரும். ஆகவே, பின்னாளில் பச்சை இலை விடும் ஆர்கிட் செடிகளும் தம் குழந்தைப் பருவத்தில் பூசணத்தின் கையால் உண்டு வளர்ந்தவையே.

1960ஆம் ஆண்டில் சுவீடன் நாட்டு அறிஞர் பியோர்க்மன், இதற்கு ஐயமற்ற சான்று தேடினார். கதிரியக்க அடையாளம் இட்ட சர்க்கரையை மரத்தின் தண்டில் ஊசி மூலம் ஏற்றினார். சில நாள்களில் அவ்வடையாளம், மரத்தை ஒட்டாமல் அருகே வளர்ந்திருந்த மோனோட்ரோபாச் செடியில் காணப்பட்டது. மரத்தின் சர்க்கரை நிலத்தடியில் பயணம் செய்து மற்றொரு செடியை அடைகிறது என்பது இவ்வாறு விளங்கியது.

அங்சி மலையின் சிறுவிளக்கு

நம் மாநிலத்துச் செடியின் பெயர் திஸ்மியா மலையானா. திஸ்மியா இனத்துச் செடிகளின் பூக்கள் சிறு கூண்டு விளக்கைப் போன்ற வடிவுடையவை. ஆதலால், பொதுவழக்கில் அவற்றைத் தேவதை விளக்குகள் என்றும் அழைப்பர். இவ்வினத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட வகைகள் உலகில் கண்டறியப்பட்டுள்ளன. இவற்றுள் சிலவற்றின் வேர்களை ஆராய்ந்ததில், பால்மர வேரினுள் வாழும் பூசணங்கள் எப்பெரும் பிரிவைச் சேர்ந்தவையோ, அதே பிரிவைச் சேர்ந்த பூசணங்களே அங்கும் காணப்பட்டன. தோட்டத்து மண்ணில் மரத்துக்குச் சத்தைக் கொண்டுவரும் கூட்டத்தின் உறவினரே, காட்டில் இந்தச் சிறுவிளக்குக்கு எண்ணெய் வார்க்கின்றனர் எனலாம்.

திஸ்மியா மலையானாவின் பூக்குழல் பழுப்பு நிறமுடையது. அதன்மேல் கருமையான நீண்ட கோடுகள் ஓடுகின்றன. மர வேர்களின் அருகிலும், மட்கிய கட்டைகளின் ஓரத்திலும், சருகுகளின் அடியிலும் அது மறைந்து வளர்கிறது. இதனை முதன்முதலில் கண்டவர்கள் இயற்கை ஆர்வலர்கள். நெகிரி செம்பிலானில் அங்சி மலை ஒதுக்குக் காட்டிலும், பகாங்கில் ரவூப் வட்டாரத்துப் பெனோம் மலை ஒதுக்குக் காட்டிலும் அவர்கள் கண்டதைத் தொடர்ந்து, கெப்போங்கிலுள்ள மலேசிய வன ஆராய்ச்சிக் கழகத்தின் தாவர ஆய்வாளர்கள் அதனை முறையாக ஆராய்ந்தனர். 2024ஆம் ஆண்டில் புதிய இனமாக அறிவித்தனர். அதே வேளையில், பாதிப்புக்கு உள்ளாகக்கூடிய இனம் என்றும் அதனை வகைப்படுத்தினர். அது வளரும் இடங்கள் சில மட்டுமே. அவையும் மலையேறுவோர் பாதைக்கு அருகில் உள்ளமையால், காலடியில் மிதிபட்டு அழியும் ஆபத்து உண்டு என்பது அதற்குக் கூறப்பட்ட காரணம்.

இவ்வினத்துச் செடிகள் எவ்வளவு எளிதில் கண்ணுக்குத் தப்பும் என்பதற்குச் சரவாக் மாநிலமே சான்று. இத்தாலிய அறிஞர் பெக்காரி 1866ஆம் ஆண்டில் அங்கே திஸ்மியா நெப்தூனிஸ் என்னும் வகையைக் கண்டு படம் வரைந்து வைத்தார். அதன் பின் அது 2017ஆம் ஆண்டில்தான் மீண்டும் காணப்பட்டது. இடைப்பட்ட காலம் 151 ஆண்டுகள். திரங்கானு மாநிலத்துக் காட்டில் 2019ஆம் ஆண்டில் காணப்பட்டு, 2021ஆம் ஆண்டில் அறிவிக்கப்பட்ட மற்றொரு வகைக்கு, அதனைக் கண்டவரின் தாயாரது பெயரையே சூட்டினர்.

தமிழ்நாட்டின் ஆனைமலையை ஒட்டிய கேரளத்துப் பரம்பிக்குளம் காட்டிலும் இக்குடும்பத்தைச் சேர்ந்த ஒரு செடி உண்டு. ஹாப்லோதிஸ்மியா என்று 1952ஆம் ஆண்டில் பெயரிடப்பட்ட அச்செடி, அதன் பின் ஏறத்தாழ அரை நூற்றாண்டுக் காலம் எவர் கண்ணிலும் படாதிருந்து மீண்டும் கண்டறியப்பட்டது.

எல்லாக் கதைகளும் இவ்வாறு நன்றாக முடிவதில்லை. அமெரிக்காவின் சிகாகோ நகரத்தின் ஓரத்தில் இருந்த ஈரப் புல்வெளியில், 1912ஆம் ஆண்டில் நார்மா ஃபைஃபர் என்னும் மாணவி ஒரு திஸ்மியாவைக் கண்டார். 1916ஆம் ஆண்டுக்குப் பின் அதனைக் கண்டவர் எவரும் இலர். அப்பகுதி பின்னர்த் தொழிற்சாலைகள் நிறைந்த இடமாக மாறிவிட்டது. பலர் பல முறை தேடியும் அச்செடி கிடைக்கவில்லை.

நண்பனும் பகைவனும்

பூசணம் என்றாலே தோட்டப் பாட்டாளிக்கு நினைவில் எழுவது வெள்ளை வேர் நோய். அந்த அச்சம் நியாயமானதே. வெட்டி விடப்பட்ட பழைய மரத்தின் அடிக்கட்டையிலும் வேரிலும் தங்கியிருக்கும் அப்பூசணம், வேரோடு வேர் உரசும் இடத்தில் இளமரத்துக்குத் தாவுகிறது. நோயுற்ற வேரின்மேல் வெண்ணிற இழைகள் கயிறு போல் இறுக ஒட்டியிருக்கும். இலைகள் பளபளப்பு இழந்து மஞ்சளாகும். இவ்வடையாளங்களைக் காண்போர் உடனே மேற்பார்வையாளரிடம் தெரிவித்தல் வேண்டும். ஒரு மரத்தில் காலம் தாழ்த்தினால், அடுத்தடுத்த மரங்களும் நிரையோடு போகும்.

ஆயினும், மண்ணில் காணும் வெள்ளை இழை யாவும் அந்நோய் அன்று. சருகில் மட்டும் படர்ந்திருக்கும் மெல்லிய வலை, குப்பையை உரமாக்கும் பூசணமாக இருக்கலாம். பால்மரத்துக்கு மணிச்சத்தைக் கொண்டுவரும் பூசணமோ நம் வெறுங்கண்ணுக்குத் தெரிவதே இல்லை. வேரைச் சாயத்தில் தோய்த்து உருப்பெருக்கியில் வைத்தால்தான் அது புலப்படும்.

ஒரே பூசணம் ஓரிடத்தில் பகைவனாகவும் மற்றோரிடத்தில் உணவு தருவதாகவும் இருப்பதுண்டு. சீன மருந்துக் கடைகளில் தியான் மா என்னும் பெயரில் ஒரு கிழங்கு விற்கப்படுவதைக் கண்டிருக்கலாம். அது பச்சையம் இல்லாத ஓர் ஆர்கிட் செடியின் கிழங்கு. அதன் விதை முளைக்க ஒரு பூசணமும், கிழங்கு பருக்க ஆர்மில்லேரியா என்னும் மற்றொரு பூசணமும் தேவை. அந்த ஆர்மில்லேரியாவே பல நாடுகளில் மரங்களின் வேரை அழுகச் செய்து கொல்லும் கொடிய நோயை விளைவிக்கிறது. சீன நாட்டு உழவர்கள் அப்பூசணம் ஏறிய மரத்துண்டுகளை மண்ணில் புதைத்து, அவற்றின் அருகே கிழங்கை நட்டு வளர்க்கின்றனர். மரத்தைக் கொல்லும் பூசணத்தை உண்டு ஒரு செடி வாழ, அச்செடியைக் கொண்டு மனிதர் வாழ்கின்றனர்.

நமக்கு இதனால் ஆவது என்ன?

முதலாவதாக, மேல்மண்ணின் மதிப்பை நாம் உணர்தல் வேண்டும். வேரும் பூசணமும் பண்டம் மாற்றும் சந்தை பெரும்பாலும் மேல்மண்ணிலேயே நடைபெறுகிறது. மழைநீர் மேல்மண்ணை அரித்துச் செல்லும்போது உரம் மட்டும் போவதில்லை. பூசணத்தின் இழைகளும் வித்துகளும் சேர்ந்தே போகின்றன. நிரைகளுக்கு இடையே மூடுபயிர்க் கொடிகளைக் காப்பதும், சரிவுகளில் மண்ணை வெறுமையாக விடாதிருப்பதும் இதனால் இன்றியமையாதவை ஆகின்றன. வீட்டுத் தோட்டம் வைத்திருப்போரும் சருகைக் குவித்து எரிக்காமல் மண்ணுக்குப் போர்வையாக இடலாம்.

இரண்டாவதாக, காட்டில் காணும் அரிய செடியை வீட்டுக்குக் கொண்டுவர எண்ணுதல் கூடாது. பச்சையம் இல்லாத செடியைத் தோண்டி எடுத்துப் பூச்சட்டியில் நட்டால், அதற்கு உணவூட்டிய இழைகளும் இழைகளுக்கு உணவூட்டிய மரமும் காட்டிலேயே நின்றுவிடும். எவ்வளவு தண்ணீர் ஊற்றினாலும், எந்த உரம் இட்டாலும் அது பிழைக்காது. மேலும், ஒதுக்குக் காட்டிலிருந்து அனுமதியின்றிச் செடிகளை எடுப்பது 1984ஆம் ஆண்டின் தேசிய வனச் சட்டப்படி குற்றமாகும். அங்சி மலைக்குச் செல்வோர் வகுத்த பாதையை விட்டு விலகாதிருத்தலும், வன இலாகாவின் விதிகளைப் பின்பற்றுதலும் வேண்டும். இரண்டு சென்டிமீட்டர் செடிக்கு ஒரு காலணியின் அகலமே பேரழிவு.

மூன்றாவது, நம் பாட்டாளிகளுக்கே சிறப்பாக உரியது. திஸ்மியா மலையானாவை முதலில் கண்டவர்கள் இயற்கை ஆர்வலர்கள் என்பதை மேலே கூறினோம். தரையைக் கூர்ந்து நோக்கிய கண்களே முதலில் தேவைப்பட்டன. உருப்பெருக்கியும் நூலறிவும் அவற்றைத் தொடர்ந்து வந்தன. விடியுமுன் தலைவிளக்குடன் நிரைக்குள் செல்லும் பால்மரம் வெட்டும் தொழிலாளி, பட்டையின் தடிப்பைக் கண்ணாலும் கையாலும் அளந்து பழகியவர். ஒரு மில்லிமீட்டர் ஆழம் கூடினாலும் மரம் புண்படும் என்பதை அறிந்தவர். அத்தகைய கண்ணுக்குக் காட்டின் ஓரத்தில், ஓடைக்கரையில், பழைய மரங்களின் நிழலில் புதியது தென்படக்கூடும். இலையற்ற வெளிறிய செடியையோ, சருகிடையே முளைத்த விந்தையான சிறுபூவையோ கண்டால், அதனைப் பறிக்காமல் படம் எடுங்கள். இடத்தையும் நாளையும் குறித்து வையுங்கள். வன இலாகாவுக்கோ, பிள்ளைகளின் பள்ளி ஆசிரியருக்கோ தெரிவியுங்கள்.

சுங்கை காடுட்டின் தோற்றம் மாறி வருகிறது. துவாங்கு ஜாஃபார் தொழிற்பேட்டையும் புதிய குடியிருப்புகளும் அங்கே எழுந்துள்ளன. நாட்டின் பல பகுதிகளில் பால்மரம் நின்ற இடத்தில் செம்பனை நிற்கிறது. வளர்ச்சி வேண்டுவதே. ஆயின், எந்நிலத்தில் எது வாழ்கிறது என்று அறிந்த பின்னர் மாற்றுவதற்கும், அறியாமலே மாற்றிவிடுவதற்கும் வேறுபாடு உண்டு. சிகாகோவின் சிறுபூவுக்கு நேர்ந்தது அங்சி மலையின் சிறுபூவுக்கு நேராதிருக்க, அதன் பெயரையாவது நாம் நம் பிள்ளைகளுக்குச் சொல்லி வைத்தல் நன்று.

கலந்துரையாட

மாலை வகுப்புகளிலும் இளைஞர் மன்றக் கூட்டங்களிலும் பின்வரும் வினாக்களைக் குழுவாகப் பேசிப் பார்க்கலாம்.

1. இலையுதிர் காலத்தில் பால்மரத்தின் பால் குறைவது ஏன்?

2. புல்லுருவி, ரஃப்லேசியா, திஸ்மியா ஆகிய மூன்றும் உணவு பெறும் வழிகளில் உள்ள வேறுபாடு யாது?

3. பால்மர வேருக்குப் பூசணம் தருவது எது? அதற்கு மரம் தரும் விலை எது?

4. வெள்ளை வேர் நோயின் அடையாளங்கள் யாவை? உங்கள் நிரையில் அவற்றைக் கண்டால் என்ன செய்வீர்கள்?

5. பச்சையம் இல்லாத செடியைப் பூச்சட்டியில் வளர்க்க இயலாதது ஏன்? இவ்வினாவுக்கான விடையை, பள்ளி செல்லும் பிள்ளை ஒருவருக்கு விளங்குமாறு ஐந்து வாக்கியங்களில் கூறுக.